பதுளையில் இடம் மாறிய ஞானப்பல்

எக்ஸ்றே படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டியதும் டொக்டரின் விரல் நேரே அதன் ஒரு கோடிக்குப் போனது. கீழ்த்தாடையின் கடைசியில், ஈறுக்குள் பாதி புதைந்தபடி ஒரு ஞானப்பல். தலைப்பகுதி முழுதாக உருவாகியிருந்தது. வேர்கள் மட்டும் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நுனி திறந்தே கிடந்தது. "இதுதான் நம்மளுக்கு வேணும். இந்த நுனி மூடுறதுக்கு முன்னாடியே வந்துட்டீங்க" என்றார். அதற்கு முன்னே ஒரு பல் தள்ளி, முதற் கடைவாய்ப் பல் இருக்கவேண்டிய இடத்தில், கரைந்துபோன ஒரு கட்டை தெரிந்தது. அந்தக் கட்டையைப் பிடுங்கிவிட்டுப் போகத்தான் அந்தப் பிள்ளை வந்திருந்தாள்.

அவளுக்கு வயது 18. பசறை வீதியில் பஸ் ஏறி வருகிற தோட்டத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அம்மா கொழுந்து பறிப்பவர். அன்றைக்கு மலைக்குப் போகாமல் மகளோடு வந்திருந்தார். இடம், பதுளை நகரில் ஒரு பாமசியின் மேல்மாடியிலுள்ள தனியார் பல் வைத்திய அறை. டொக்டர் பேராதனையில் படித்தவர். பகலில் அரசாங்க வேலை, மாலையிலும் விடுமுறை நாட்களிலும் இங்கே. பண்டாரவளைப் பக்கத்தில் வளர்ந்தவராதலால் வருகிறவர்களோடு அவர்கள் தமிழிலேயே பேசுகிறார். கூட இருந்து பார்க்கலாமா என்று மூவரிடமும் கேட்டேன். பெயர் எழுதக்கூடாது என்று சொல்லி ஒத்துக்கொண்டார்கள்.

செய்யப்போவது இதுதான். கெட்டுப்போன கட்டையை எடுக்க வேண்டும். அதே வேளையில், அதே வாயின் ஞானப்பல்லைச் சேதமில்லாமல் பெயர்த்து அந்தக் குழியில் நட வேண்டும். சொந்த உடம்பின் பல் என்பதால் உடம்பு அதை அந்நியப் பொருளென்று தள்ளாது. வேர் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து நாலில் மூன்று பங்குவரை வளர்ந்திருக்கும் காலம் இதற்கு மிகவும் தோதானது. அப்போது திறந்திருக்கும் நுனிவழியே புது இரத்தக்குழாய்கள் உள்ளே புகுந்து பல்லின் நரம்பை மறுபடி உயிர்ப்பிக்கும். பெரும்பாலானவர்களுக்கு அந்தக் காலம் 17, 18 வயதுக்கு அக்கம்பக்கத்தில் வரும். ஓரிரண்டு ஆண்டில் கடந்துபோகும்.

இந்தப் பல் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதற் கடைவாய்ப் பல் ஆறு வயதளவில் முளைக்கிறது. எந்தப் பாற்பல்லும் அதற்காக விழுவதில்லை. பாற்பற்களுக்குப் பின்னால் தானாக வந்து நிற்கிறது. அதனால் அது சாகும்வரை வைத்திருக்கவேண்டிய பல் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிவதில்லை. விழுந்து முளைக்கிற பல்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பில் பள்ளங்கள் அதிகம். இனிப்பு அங்கேதான் தங்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் குழி விழுகிறது, பதினைந்தில் நரம்பைத் தொடுகிறது, இராத்திரியில் தூங்கவிடாமல் குத்தும்போது பஸ் ஏறுகிறார்கள். அப்போது பல்லைக் காப்பாற்றவும் வழியுண்டு: வேர் சிகிச்சை செய்து மேலே உறை போடலாம். அதற்குப் பல தடவை வரவேண்டும். பிடுங்குவதென்றால் ஒரு காலை போதும்.

"நாலு தடவ வரச்சொன்னா நாலு பேர் போயிரும் மிஸ்" என்றார் அம்மா. தோட்டத்தில் பேர் என்பது ஒரு நாள் வேலைப் பதிவு. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அது போய், அதற்குமேல் இரண்டு பேருக்குப் பஸ் காசு. அரசாங்க வைத்தியசாலையில் பல் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனாலும் மலையகத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய கடைவாய்ப் பற்கள் பிடுங்கப்படுவது இந்தக் கணக்கினால்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு குடும்பம் பல்வலிக்கு ஒரு நாளைக் கொடுக்கும். நாலு நாளைக் கொடுக்க அதனிடம் இல்லை.

பிடுங்கிய பிறகு வருவதும் சின்ன விஷயமல்ல. பின்னாலிருக்கும் பல் வெற்றிடத்துக்குள் சாய்கிறது. மேற்பல் கீழே இறங்குகிறது. தாங்க வேரில்லாத எலும்பு வருஷத்துக்கு வருஷம் ஒடுங்குகிறது. எலும்பில் உலோக வேரைப் பதிக்கும் இம்பிளான்ட் வைக்கலாம்தான், ஆனால் இலங்கையில் அதன் விலை ஒரு இலட்சம் ரூபாயைத் தாண்டும், அதோடு தாடை வளர்ந்து முடியாத வயதில் வைக்கக்கூடாது. சுற்றியுள்ள எலும்பு வளரும்போது உலோகம் இருந்த இடத்திலேயே நின்றுவிடும். நட்ட பல் அப்படியில்லை. அது எலும்போடு சேர்ந்து நகரும், எலும்பைத் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும். பிரிட்ஜ் போடுவதென்றால் பக்கத்திலிருக்கும் நல்ல பற்களைச் சீவவேண்டும். 18 வயதுப் பிள்ளையின் நல்ல பல்லைச் சீவ இந்த டொக்டருக்கு மனமில்லை.

நடுவதற்கு நாள் குறித்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தோட்டத்துக்குப் போனேன். பஸ்ஸை விட்டிறங்கிக் கொங்கிரீட் பாதையில் ஏறினால் முதலில் கொழுந்து நிறுக்கும் மடுவம், அதைத் தாண்டிக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா, அதற்கும் மேலே லயங்கள் என்னும் வரிசை வீடுகள். நமுனுகுல மலையின் உச்சி மேகத்துக்குள் இருந்தது. தோட்டத்துக் கடையில் கண்ணுக்கு நேரே தொங்கியவை பிஸ்கட், டொபி, சீனி தடவிய பணிஸ். கடைக்காரர் தலையில் பழியைப் போட நான் வரவில்லை. மலையேறிக் கெடாமல் வந்து சேர்ந்து, பிள்ளையின் பசியைப் பத்து நிமிஷம் அடக்கும் பண்டம் அதுதான். லயத்து வாசலில் பெரியவர்கள் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார்கள். 70 வயது தாண்டிய பாட்டி ஒருவர் சிரித்தார். முன்பற்கள் நீண்டு ஆடின, கடைவாயில் ஒன்றுமில்லை, ஆனால் மிஞ்சிய எந்தப் பல்லிலும் சொத்தை இல்லை. பேரப்பிள்ளையின் வாயில் ஈறு நன்றாக இருந்தது, பல் கறுத்திருந்தது. ஒரே காம்பராவுக்குள் இரண்டு தலைமுறைகள் இரண்டு வேறு வழிகளில் பல்லை இழந்துகொண்டிருந்தன.

பாட்டியின் தலைமுறை இழந்த விதத்தை உலகம் முழுவதிலும் பல் மருத்துவம் படிக்கிறவர்கள் அறிவார்கள். 1970-இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரின் குழு, நுவரெலியா மாவட்டத்தில் பூண்டுலோயாப் பக்கத்து டன்சினன், ஹரோ தோட்டங்களுக்கு வந்தது. 15-க்கும் 30-க்கும் இடைப்பட்ட வயதுள்ள 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தது. அதற்கு முந்திய ஆண்டு இதே சோதனையை ஒஸ்லோவில் 565 பேரிடம் தொடங்கியிருந்தார்கள். ஒஸ்லோக்காரர்கள் சின்ன வயதிலிருந்தே ஒழுங்கான பல் சிகிச்சை கிடைத்தவர்கள். நம் ஆட்களுக்குப் பிரஷ்ஷும் இல்லை, வைத்தியமும் எட்டவில்லை. தடுப்பார் இல்லாவிட்டால் ஈறு நோய் தன்போக்கில் எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இப்படிப்பட்ட ஒரு கூட்டம் தேவைப்பட்டது. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து, பற்களை மில்லிமீற்றர் கணக்கில் அளந்தார்கள். 1986-இல் வெளியான முடிவு: 8 சதவீதத்தினருக்கு நோய் வேகமாக முற்றியது, 81 சதவீதத்தினருக்கு மிதமாக, 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்துக்கு மேல் எதுவும் ஆகவில்லை. அவர்களிடம் சொத்தைப் பல் அநேகமாக இல்லை என்பதும் அந்த ஆய்வில் பதிவாகியிருக்கிறது. 2010-இல் மறுபடி தேடிப்போனவர்களால் அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது.

அந்த ஆய்வின் பெறுமதியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அழுக்கு படிந்த எல்லா வாயிலும் நோய் ஒரேமாதிரி முற்றுவதில்லை என்பதை அது உலகத்துக்குக் காட்டியது. இன்று ஈறு சிகிச்சை நடக்கிற விதமே அதனால் மாறியது. ஆனால் 15 ஆண்டு அளக்கப்பட்ட வாய்களுக்குத் திரும்பி என்ன வந்தது என்ற கேள்வி என்னை விடவில்லை. அதே 1970-களில், அதே ஒஸ்லோவில், ஓலாவ் ஸ்லாக்ஸ்வோல்ட் என்ற பல் சீரமைப்பு நிபுணர் வேர் முற்றாத பற்களைப் பெயர்த்து நடும் முறையைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார். 1974-இல் பியெர்க்கே என்பவருடன் சேர்ந்து அதை எழுதினார். அளவுகோல் அந்த ஊரிலிருந்து நம் மலைக்கு உடனே வந்துவிட்டது. கைத்திறன் வந்துசேர எவ்வளவு காலமாகிறது என்பதை அந்த லயத்து வாசலில் இருந்து யோசித்தேன்.

இத்தனைக்கும், லோவின் குழு அளந்ததும் ஸ்லாக்ஸ்வோல்ட் காப்பாற்ற முயன்றதும் ஒரே பொருள். பல் எலும்புக்குள் நேராகப் பதிந்திருக்கவில்லை. வேரைச் சுற்றி, சுமார் 0.2 மில்லிமீற்றர் கனத்தில் ஒரு இழைச் சவ்வு இருக்கிறது. அதன் நார்கள் ஒரு பக்கம் வேரிலும் மறுபக்கம் எலும்பிலும் ஊன்றியிருக்கும். கடிக்கும் அழுத்தத்தைத் தாங்குவதும், பல்லுக்கடியில் ஒரு மணல் அகப்பட்டாலும் உணர்த்துவதும் அதுவே. தோட்டத்தில் நோய் அந்தச் சவ்வைக் கழுத்திலிருந்து கீழ்நோக்கிக் கழற்றியதைத்தான் அவர்கள் அளந்தார்கள். பல்லை இடம் மாற்றும்போது அந்தச் சவ்வு உயிரோடு போனால் புதுக் குழியிலும் எலும்போடு பிணைந்துகொள்ளும். செத்துப்போனால் உடம்பு வேரையே எலும்பென்று எண்ணி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எலும்பாக மாற்றிவிடும்.

டொக்டர் இதை அம்மாவுக்குச் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "தவறணையில இருந்து கன்னு எடுக்கையில வேர்மண்ணு உதிராமத்தானே எடுப்பீங்க? அதே மாதிரிதான்." தவறணை என்பது தேயிலைக் கன்று வளர்க்கும் இடம். அம்மா உடனே தலையாட்டினார். அதுவரை கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நடுகிற நாளன்று காலையிலேயே தொடங்கினார்கள். விறைப்பூசி இரண்டு இடத்தில். மரத்ததும் டொக்டர் ஞானப்பல்லைத்தான் முதலில் தொட்டார். மேலிருந்த ஈறைக் கீறி விலக்கி, சுற்றியிருந்த எலும்பில் சிறிது அகற்றி, பல்லை இளக்கினார். ஆனால் வெளியே எடுக்கவில்லை. அது அதன் குழியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக் கெட்ட கட்டைக்குப் போனார். கட்டை இரண்டு துண்டாக வந்தது. குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்தபின், இரு வேர்களுக்கும் நடுவிலிருந்த எலும்புச் சுவரை மெதுவாகச் சுழலும் கருவியால் தேய்த்தார். உப்புநீர் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. எலும்பு சூடேறினால் அந்த இடத்தில் ஒன்றும் பிடிக்காது என்றார். குழி வேரைவிடச் சற்றே பெரிதாக இருக்கவேண்டும். திணித்து ஏற்றினால் சவ்வு நசுங்கும்.

பிறகு ஞானப்பல்லை எடுத்தார். குறடு தலைப்பகுதியைத்தான் பிடித்தது. வேரில் உலோகம் படவே கூடாது. பால் வெள்ளைத் தலை, அதற்குக் கீழே மஞ்சள் தோய்ந்த குட்டையான வேர், அதன்மேல் ஈரமாக ஒரு சிவப்புப் படலம். அந்தப் படலத்தை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். உதவியாளர் நேரத்தைக் குறித்துக்கொண்டார். வெளியே இருக்கும் நேரம் 15 நிமிஷத்துக்குள் அடங்கவேண்டும்; காய்ந்துபோன உயிரணு திரும்பாது.

புதுக் குழியில் வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் இடித்தது. நான் எதிர்பாராத ஒன்றை அப்போது செய்தார்: பல்லைத் திரும்பக் கொண்டுபோய் அதன் பழைய குழிக்குள்ளேயே வைத்தார். குழியைத் திருத்தும்வரை பல் காத்திருக்க அதைவிட நல்ல இடம் கிடையாதாம். அங்கே இரத்தமிருக்கிறது, வெப்பமிருக்கிறது, சவ்வுக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. வசதியுள்ள இடங்களில் முப்பரிமாண ஸ்கான் எடுத்து, ஞானப்பல்லின் அச்சு மாதிரியை முன்கூட்டியே செய்து, அதை வைத்துக் குழியை அளவெடுக்கிறார்கள். உண்மையான பல் ஒரே தடவையில் ஏறிவிடும். இங்கே அந்த வேலையைக் கண்ணும் விரலும் எக்ஸ்றே அளவும் செய்தன. இரண்டாம் தடவை பல் தடையில்லாமல் இறங்கியது. பக்கத்துப் பற்களைவிட ஒரு நூல் தாழ்வாக நின்றது. அப்படித்தான் நிற்கவேண்டும்; கடி படாமல் சில வாரம் இருந்தபின் தானாக மேலெழும்.

ஈறைப் பல்லின் கழுத்தோடு இறுகச் சேர்த்துத் தைத்தார். பல்லின் தலைக்கு மேலே நூலைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டுக் கட்டினார். கம்பி வைத்து அசையாமல் கட்டினால் இன்னும் பலமாக இருக்காதா என்று கேட்டேன். கூடாது என்றார். மிகச் சிறிதளவு அசைவு இருந்தால்தான் சவ்வு சவ்வாகவே ஆறும். கெட்டியாகக் கட்டிவைத்தால் வேர் எலும்போடு ஒட்டிப்போகும். நீலத்தாளைக் கடிக்க வைத்து, மேற்பல் எங்கும் தொடவில்லை என்று உறுதி செய்தார். நுண்ணுயிர்கொல்லி மாத்திரை, குளோர்ஹெக்சிடீன் கொப்பளிப்பு, சில நாளைக்குக் கஞ்சி, அந்தப் பக்கம் கடிக்காதே. "வெத்தலப் பக்கம் போகவே கூடாது புள்ள" என்று கடைசியாகச் சொன்னார். அவள் போடுவதில்லை என்றாள். அம்மா வேறு பக்கம் பார்த்தார்.

பல்லை வாய்விட்டு வாய் மாற்றும் ஆசை மனிதருக்கு நெடுநாளாக உண்டு. அதில் வெட்கப்படவேண்டிய ஒரு காலமும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஏழைகள் காசுக்குத் தம் முன்பற்களைப் பிடுங்கிக் கொடுத்தார்கள். அவை சூட்டோடு சூடாகச் செல்வர் வாயில் பொருத்தப்பட்டன. புகழ்பெற்ற அறுவைச் சிகிச்சையாளர் ஜோன் ஹன்டர் இதை ஆதரித்தார். மனிதப் பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் நட்டு அது பிடித்ததாகக் காட்டினார். அந்தச் சேவல் தலை இன்றும் லண்டனில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1787-இல் தோமஸ் ரோலன்ட்சன் வரைந்த படத்தில், பல்லைக் கொடுத்த ஏழைப் பிள்ளைகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதவைத் தாண்டிப் போகிறார்கள். அந்நியர் பல் நிலைக்கவில்லை. அதோடு நோயும் தொற்றியது. அந்த வழக்கம் ஒழிந்தது. ஒருவருடைய பல்லை அவருக்கே நடும் இன்றைய முறை 1950-களில் அமெரிக்காவில், ஞானப்பல்லை முதற் கடைவாய்ப் பல்லின் இடத்துக்கு மாற்றியதிலிருந்து வளர்ந்தது. கொப்பன்ஹேகனில் யென்ஸ் அன்ட்ரியாசென் குழு, நட்ட 370 சிறு கடைவாய்ப் பற்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து 1990-இல் வெளியிட்ட கட்டுரைகள், எது பிழைக்கும், எது கரையும், ஏன் என்பதை நிலைநாட்டின. ஜப்பானில் இது சாதாரணப் பல் வைத்தியர் செய்யும் வேலை. சுகிபோஷி என்பவர் இதற்கென்றே நூல் எழுதியிருக்கிறார். நம் பேராதனைப் பல் வைத்தியசாலைக் கட்டடம் 1990-களில் ஜப்பான் உதவியால் எழுந்தது. அந்த நாட்டிலிருந்து இந்தக் கைவேலையையும் நாம் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம்.

நான் பார்த்ததில் புது இயந்திரம் ஒன்றுகூட இல்லை. புதைந்த ஞானப்பல்லை வெட்டி எடுக்கத் தேவையான அதே கருவிகள், அதே நூல், அதே ஊசி. அந்த வேலை நம் பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் அன்றாடம் நடக்கிறது. எடுத்த பல் வாளிக்குப் போகிறது. அந்த வாளிக்குள் போகிறவற்றில் சில, அதே ஆளின் வாயில் சற்றுத் தள்ளி வேலை செய்யக்கூடியவை. ஆகவே என் வேண்டுகோள் எளியது. 15-க்கும் 20-க்கும் இடைப்பட்ட ஒரு பிள்ளையின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குமுன் முழுத்தாடை எக்ஸ்றே ஒன்று எடுத்து, பின்னால் எந்தப் பல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவேண்டும். நட முடியுமா என்ற கேள்வி அந்த இடத்தில் எழவேண்டும். பிடுங்கி ஆறேழு மாதம் கழித்து எழுந்தால் எலும்பு ஒடுங்கியிருக்கும். வேர் நுனி மூடியவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. நட்டு இரண்டு வாரத்துக்குள் வேர் சிகிச்சையைத் தொடங்கவேண்டும், அவ்வளவுதான். வேர் கொக்கிபோல் வளைந்திருந்தாலோ, இருக்கிற இடத்தைவிடப் பல் பெரிதாக இருந்தாலோ, வாய் அழுக்காகவே இருந்தாலோ தொடாமலிருப்பதே நல்லது.

தையல் பிரித்துச் சில மாதம் கழித்து மறுபடி பார்க்கிற நாளில் மாமாவும் கூட வந்திருந்தார். நாற்பதுக்குள் இருப்பவர், தனக்கும் இரண்டு பல் நட்டுத் தரமுடியுமா என்று கேட்டார். டொக்டர் அவரை வாயைத் திறக்கச் சொன்னார். மூன்று விரல் நுழையவேண்டிய வாயில் இரண்டுகூட நுழையவில்லை. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்பட்டது. பாக்கை வருஷக்கணக்காக உள்ளே அடக்கியதால் வரும் இறுக்கம் இது. புற்றுநோய்க்கு முந்திய நிலைகளில் ஒன்று. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். "பல்லு கதய அப்புறம் பாப்போம் அண்ணே. மொதல்ல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று கடிதம் எழுதிக் கையில் கொடுத்தார். மாமா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். போவதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடக்கூடாதென்று அம்மா அதைப் பிடுங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு மகளின் முறை. கண்ணாடிப் பிடியால் நட்ட பல்லைத் தட்டினார், பக்கத்துப் பல்லையும் தட்டினார். இரண்டிலும் ஒரே மந்தமான ஒலி. எலும்போடு ஒட்டியிருந்தால் உலோகம்போல் கணீரென்று கேட்குமாம். விரலால் அசைத்தார், சாதாரணப் பல்லின் அசைவுதான். குளிரூட்டிய பஞ்சுத்துண்டை வைத்தபோது அவள் சட்டென்று கையைத் தூக்கினாள். டொக்டரின் முகம் மலர்ந்தது. உள்ளே நரம்பு வந்துசேர்ந்துவிட்டது. வேர் சிகிச்சை வேண்டாம். புது எக்ஸ்றேயில் வேரைச் சுற்றி எலும்பு நிரம்பியிருந்தது, வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு கறுப்புக் கோடு முழுச் சுற்றும் அறுபடாமல் ஓடியது. அந்தக் கோடுதான் சவ்வு. எந்த இடத்திலும் அரிப்பில்லை. இனிமேல் அந்தப் பக்கமும் கடிக்கலாம் என்றார். ஏற்கெனவே ரொட்டி கடித்துப் பார்த்துவிட்டதாக அவள் சொன்னாள்.

இந்தப் பல் பத்து, இருபது ஆண்டு நிற்குமா என்று கேட்டேன். நன்றாகப் பிடித்தவை அவ்வளவு காலமும் அதற்கு மேலும் நின்றிருக்கின்றன; ஆனால் அரிப்புத் தொடங்குவது பெரும்பாலும் முதலாண்டிலேயே தெரியுமென்பதால் தவறாமல் வந்து பார்க்கவேண்டும் என்றார். கரைந்தாலும் அதுவரை அது எலும்பைக் காத்து வைத்திருக்கும். வளர்ந்த வயதில் இம்பிளான்ட் வைக்கவேண்டி வந்தால் அந்த எலும்பு இருக்கும்.

கதவோரத்தில் ஏழு வயதுத் தம்பி நின்றிருந்தான். டொக்டர் அவனையும் நாற்காலியில் ஏற்றினார். ஆறாம் வயதுப் பற்கள் நான்கும் வந்திருந்தன. பள்ளங்களில் கறுப்பு இன்னும் இறங்கவில்லை. அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சால் மூடிவிட்டால் சொத்தை இறங்காது, ஊசியும் வேண்டாம், வலியும் இல்லை என்றார். 13 வயதுவரை பாடசாலைப் பல் சிகிச்சை நிலையத்தில் காசில்லாமல் செய்வார்கள். இவன் பள்ளிக்கூடத்தில் அந்த நிலையம் இல்லை என்றார் அம்மா.

"அப்ப அக்காவோட அடுத்த எக்ஸ்றேக்கு வரையில இவனையும் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டையும் சேத்து முடிச்சிரலாம்."

"ஞாயித்துக்கிழமையாக் குடுங்க மிஸ்."

ஞாயிறு காலை எட்டரை என்று துண்டில் எழுதி, அதன் கீழே தம்பியின் பெயரையும் சேர்த்து எழுதினார்.